உங்களுக்குத் தெரியுமா? வீட்டுச் சுவருக்கு ஓர் அசல் ஓவியம்

மூவாயிரம் ரூபாய்க்கு மின்விசிறி வாங்கத் தயங்காத நாம், அதே மூவாயிரத்துக்குக் கையால் வரைந்த ஓவியம் கிடைக்கும் என்றால் நம்ப மறுக்கிறோம். "ஒரிஜினலா? அதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்" என்று சொல்லிவிட்டு, எதிர்வீட்டில் தொங்கும் அதே ஏழு குதிரைப் படத்தை வாங்கிவந்து ஹாலில் மாட்டுகிறோம். அசல் எங்கே கிடைக்கும், எப்படி அடையாளம் காண்பது, வாங்கிவந்தபின் எப்படிக் காப்பது? துணுக்குத் துணுக்காகப் பார்த்துவிடலாம்.

சல்லிசாக விலைபோன சங்கதிகள்

● 2013 அக்டோபர். நியூயார்க் சென்ட்ரல் பார்க் ஓரத்தில் ஒரு முதியவர் கடைவிரித்து உட்கார்ந்திருந்தார். படம் ஒன்று 60 டாலர். பொழுது சாயும்வரை வாங்கியவர்கள் மூன்றே பேர். ஒரு பெண்மணி பிள்ளைகளுக்காகப் பாதி விலைக்குப் பேரம் பேசி இரண்டு வாங்கினார். புது வீட்டில் சுவர் காலியாக இருக்கிறதே என்று இன்னொருவர் நான்கு வாங்கினார். மொத்தம் எட்டுப் படம். கல்லாவில் 420 டாலர். மறுநாள்தான் ஊருக்குத் தெரிந்தது, அத்தனையும் புகழ்பெற்ற தெருவோவியர் பேங்க்ஸி கையெழுத்திட்ட அசல்!

● ஜப்பானின் ஹொகுசாய் சுமார் 1831-இல் உருவாக்கிய 'பேரலை' அச்சோவியம், அந்தக் காலத்து எடோ (இன்றைய டோக்கியோ) நகரில் இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் விலைக்குத்தான் விற்றது. மரக்கட்டையில் செதுக்கி ஆயிரக்கணக்கில் அச்சிட்டார்கள். தப்பிப் பிழைத்த பிரதிகளில் ஒன்று 2023-இல் நியூயார்க் ஏலத்தில் 27 லட்சம் டாலரைத் தாண்டியது.

● கொல்கத்தா காளிகாட் கோயிலுக்கு வந்த பக்தர்கள் 19-ஆம் நூற்றாண்டில் சில காசு கொடுத்து வாங்கிப்போனவை காளிகாட் படங்கள். பட்டுவா ஓவியர்கள் மலிவான ஆலைக் காகிதத்தில் நான்கைந்து வீச்சில் வரைந்து முடித்துவிடுவார்கள். காளி மட்டுமல்ல, மீனைக் கவ்விய பூனையும் அதில் உண்டு. இன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இத்தகைய படங்கள் அறுநூறுக்கு மேல் இருக்கின்றன.

● அந்தப் பட்டுவாக்களின் கோட்டைத் தன் கோடாக்கிக்கொண்ட ஜாமினி ராய், பெயர் வந்தபிறகும் விலையை ஏற்றவில்லை. நடுத்தர வீடுகளிலும் தன் படம் தொங்க வேண்டும் என்று விரும்பினார். ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்துகொடுக்கவும் அவர் கூச்சப்பட்டதில்லை.

● ஹெர்ப் வோகல் அஞ்சலக ஊழியர். மனைவி டோரதி நூலகர். நியூயார்க்கில் ஒரே படுக்கையறை கொண்ட வாடகை வீடு. மனைவி சம்பளத்தில் குடித்தனம், கணவர் சம்பளத்தில் ஓவியம் என்று பிரித்துக்கொண்டார்கள். அவர்கள் வைத்துக்கொண்ட விதி இரண்டே: கைக்கு அடங்கும் விலை, ஒரே படுக்கையறை வீட்டுக்குள் அடங்கும் அளவு. கலைஞர் கிறிஸ்டோ தம்பதியின் பூனையைப் பார்த்துக்கொண்டதற்குக் கூலியாகவும் ஒரு படம் வந்தது. சேர்ந்தவை நான்காயிரத்துக்கும் மேல். விற்று லாபம் பார்க்கவில்லை. 1992-இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்கு அனுப்பியபோது ஐந்து லாரிகள் தேவைப்பட்டன.

● அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய 1934-இல், ரீவ்ஸ் லெவன்தால் என்பவர் ஓவியர்களைக் கூட்டி லித்தோகிராஃப் (கல்லச்சு ஓவியம்) போடச்செய்து, கையெழுத்தோடு ஐந்து டாலருக்கு விற்றார். விற்ற இடம் துணிமணி விற்கும் பல்பொருள் அங்காடிகள். பிறகு தபாலிலும் அனுப்பினார். தாமஸ் ஹார்ட் பென்டன், கிராண்ட் வுட் போன்ற பெயர்கள் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது இப்படித்தான்.

● லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் 1994-இல் ஒரு வேடிக்கை தொடங்கியது. ஓவியர்கள் அஞ்சலட்டையில் வரைந்து கொடுப்பார்கள். கையெழுத்து பின்பக்கம் மட்டும். எல்லா அட்டையும் ஒரே விலை. காசு கொடுத்துத் திருப்பிப் பார்த்தால்தான் யார் வரைந்தது என்று தெரியும். டேமியன் ஹர்ஸ்ட், டிரேசி எமின் போன்ற புகழ்பெற்ற ஓவியர்கள்கூட வரைந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே மாணவர்களின் அட்டையும் இருக்கும். பெயரைப் பார்த்து வாங்கும் பழக்கத்துக்கு நல்ல மருந்து!

● சிகரெட் விற்கும் பழைய இயந்திரம் ஓவியம் விற்றால்? வடக்கு கரோலைனாவில் கிளார்க் விட்டிங்டன் 1997-இல் செய்து காட்டினார். காசு போட்டுக் குமிழை இழுத்தால் சிகரெட் பெட்டி அளவில் ஒரு சின்னக் கலைப்பொருள் விழும். 'ஆர்ட்-ஓ-மேட்' என்ற பெயரில் அது இன்றும் பல ஊர்களில் ஓடுகிறது.

நம் வீட்டுச் சுவர்கள் சொல்லும் கதை

● ராஜா ரவிவர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியும் வீடுவீடாகப் போனதற்குக் கும்பகோணத்துக்காரர் ஒருவரும் காரணம். அங்கே பிறந்து திருவாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த டி. மாதவ ராவ்தான், "உங்கள் படங்களை அச்சடித்துப் பரப்பலாமே" என்று யோசனை சொன்னவர். 1894-இல் பம்பாயில் அச்சகம் எழுந்தது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். மேலே வார்னிஷ் பூசினால் எண்ணெய் ஓவியம் போலவே பளபளக்கும். 'ஒலியோகிராஃப்' என்ற பெயரில் 'ஒலியோ' என்றாலே எண்ணெய்தான்.

● பழைய வீடுகளில் இந்தப் படங்களைச் சுவரோடு ஒட்டி மாட்டாமல், தலைகுனிந்து நம்மைப் பார்ப்பதுபோல் முன்பக்கம் சாய்த்து மாட்டியிருப்பார்கள். பாயில் உட்கார்ந்திருப்பவருக்கு உயரத்தில் இருக்கும் படம் நேராகத் தெரியும். கண்ணாடியில் வெளிச்சம் பட்டுக் கண் கூசாது. தாத்தாக்களுக்கு உள் அலங்கார நிபுணர் தேவைப்படவில்லை.

● சிவகாசி காலண்டர்களில் முருகனுக்கும் மீனாட்சிக்கும் முகம் கொடுத்தவர் கோவில்பட்டி கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தவர், நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதியவர். டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம் என்று ஒரு சீடர் பரம்பரையே அவருக்குப் பின் வந்தது. காலண்டர் கோடிக்கணக்கில் போனது. அச்சுக்காக அவர்கள் கையால் தீட்டிய மூலப்படமோ ஒன்றே ஒன்று. அதைத்தான் சேகரிப்பாளர்கள் இன்று தேடுகிறார்கள்.

● 'கல்கி'யில் மணியம் வரைந்த பொன்னியின் செல்வன் படங்களையும், 'ஆனந்த விகட'னில் சில்பி தீட்டிய கோயில் சிற்பங்களையும் கத்தரித்துப் பிரேம் போட்டு மாட்டிய வீடுகள் எத்தனையோ. ஓவியம் வாங்கும் பழக்கம் நமக்கு இல்லை என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கே.எம். ஆதிமூலத்தின் கோடுகளும் கலைக்கூடத்துக்குப் போகாத தமிழ் வாசகரைப் புத்தக அட்டை வழியாகத்தான் வந்து சேர்ந்தன.

● சென்னை ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு அரசோ செல்வந்தரோ நிலம் கொடுக்கவில்லை. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் பத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் 1966-இல் கடலோர மணலில் இடம் வாங்கிக் குடியேறினார்கள். அன்றைக்குப் பத்திக் வாங்கிய ஒவ்வொருவரும், தெரியாமலே, ஓர் ஓவிய இயக்கத்துக்கு அடிக்கல் நாட்டியவர்தான்.

அசலா, நகலா?

● அச்சடித்ததெல்லாம் நகல் என்று நினைக்க வேண்டாம். ஓவியரே தகட்டில் கீறி, கட்டையில் செதுக்கி, மை தடவி எடுக்கும் எட்சிங், லினோகட், லித்தோ போன்றவை அசல்தான். முப்பது பிரதி எடுத்தால் முப்பதும் அசல். ஒரு தகட்டின் உழைப்பை முப்பது பேர் பங்கிட்டுக்கொள்வதால் விலை குறைகிறது. சிறு பட்ஜெட்காரருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

● அத்தகைய அச்சோவியத்தின் கீழ் விளிம்பில் பென்சிலால் 7/30 என்று இருந்தால், எடுத்த முப்பதில் இது ஏழாவது என்று பொருள். எண்ணுக்குப் பதில் 'ஏ.பி.' என்று இருந்தால், ஓவியர் தனக்கென எடுத்துவைத்த பிரதி. வேலை முடிந்ததும் தகட்டைக் கீறி அழித்துவிடும் வழக்கமும் உண்டு. முப்பத்தோராவது வரக்கூடாது அல்லவா?

● எட்சிங் படத்தைச் சுற்றி விரலால் மெல்லத் தடவுங்கள். தகடு அழுந்திய பள்ளம் செவ்வகமாகத் தட்டுப்பட வேண்டும். அச்சு உருளையின் அழுத்தத்தில் ஈரக் காகிதம் தகட்டோடு அமுங்கி எழுந்த தடம் அது.

● பையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும், பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். சாதாரண ஆஃப்செட் அச்சில் வண்ணமெல்லாம் வரிசை பிசகாத புள்ளிகளாகச் சிதறித் தெரியும். பழைய ஒலியோகிராஃபில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் இருக்கும். தூரிகை வேலையில் புள்ளியே இருக்காது. வண்ணம் வழிந்தும் திரண்டும் நிற்கும்.

● "கேன்வாஸ்ல இருக்கே, அப்ப ஒரிஜினல்தானே?" இல்லை. கேன்வாஸிலேயே பிரின்டர் வைத்து அச்சடித்து, மேலே கண்ணாடி போன்ற பசையைத் தூரிகையால் பூசி மேடுபள்ளம் காட்டும் வேலை சந்தையில் நிறைய. தூரிகைத் தடம் ஒரு பக்கம் ஓட, வண்ணம் வேறு பக்கம் ஓடினால் சந்தேகப்படுங்கள்.

● பிகார் மதுபனி ஓவியம் காகிதத்துக்கு வந்தது பஞ்சத்தால்! காலங்காலமாகப் பெண்கள் மண்சுவரில் வரைந்துகொண்டிருந்தார்கள். 1966-67 வறட்சியின்போது, பிழைப்புக்கு வழியாகட்டும் என்று கைவினை ஆர்வலர் புபுல் ஜெயகரின் முயற்சியில் ஓவியர் பாஸ்கர் குல்கர்னி கிராமங்களுக்குக் காகிதம் கொண்டுபோனார். இன்று மதுபனிக்கும் ஸ்கிரீன் பிரின்ட் நகல்கள் வந்துவிட்டன. கையால் போட்ட இரட்டைக் கோட்டில் இடைவெளி எல்லா இடத்திலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. அந்தத் தடுமாற்றம்தான் சாட்சி.

● தஞ்சாவூர் ஓவியத்துக்குப் 'பலகைப் படம்' என்றும் பெயர். பலகையில் துணியை ஒட்டி, சுக்கான் மாவும் பசையும் பூசித் தேய்த்து, மக்கு என்ற பசைக் கலவையால் நகையையும் மண்டபத்தையும் மேடாக எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, கடைசியில்தான் வண்ணம். விலையில் பெரும்பங்கு ரேக்குக்குப் போகிறது. போலி ரேக்கு சில ஆண்டுகளில் கறுக்கும். 22 காரட் கறுக்காது. என்ன ரேக்கு என்பதைப் பில்லில் எழுதித்தரச் சொல்லுங்கள்.

● தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தில் எல்லாமே தலைகீழ். கண்ணாடியின் பின்பக்கம் வரைகிறார்கள். மற்ற ஓவியத்தில் கடைசியாக வைக்கும் கண்மணியும் நகையும் இதில் முதலில். பின்னணி வண்ணம் கடைசியில். இடம் வலம் மாறும். தவறு நேர்ந்தால் மேலே பூசி மறைக்கவும் முடியாது.

எங்கே தேடலாம்?

● அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-இல் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. இந்தியாவின் மூத்த ஓவியக் கல்லூரிகளில் ஒன்று. கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி உண்டு. மாணவர் கண்காட்சிகளுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். நாளைய பெரிய பெயர்கள் இன்றைக்குப் பேருந்துக் காசுக்கு யோசித்துக்கொண்டு அங்கே நிற்கலாம்.

● சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமி கூடத்தில் ஓவியர்கள் தாங்களே கண்காட்சி வைக்கிறார்கள். உள்ளே போகக் கட்டணம் கேட்பதில்லை. வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பல நேரம் வரைந்தவரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "இதை ஏன் நீலமா போட்டீங்க?" என்று கேட்டால் டீ வாங்கிக்கொடுத்துக் கதை சொல்வார்.

● பெங்களூரில் கர்நாடக சித்ரகலா பரிஷத் 2003 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் 'சித்ர சந்தே' நடத்துகிறது. குமாரக்ருபா சாலையில் அன்றைக்கு வண்டி ஓடாது. நடைபாதை நெடுக ஓவியம்தான். சில நூறு ரூபாயிலிருந்து லட்சம்வரை விலை. வீட்டுக்கொரு ஓவியம் என்பதே நோக்கம். தமிழ்நாட்டிலிருந்தும் ஓவியர்கள் படச்சுருளோடு இரவு ரயில் ஏறுகிறார்கள்.

● புத்தகமே ஓவியமாக இருந்தால்? சென்னை தாரா புக்ஸ் நிறுவனம் கோண்டு பழங்குடி ஓவியர்களோடு சேர்ந்து 2006-இல் வெளியிட்ட 'த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' கையால் செய்த கறுப்புத் தாளில், கையால் ஸ்கிரீன் பிரின்ட் செய்து, கையால் தைத்தது. ஒவ்வொரு பிரதிக்கும் எண் உண்டு. 2008-இல் போலோனா புத்தகச் சந்தையில் விருது பெற்றது.

● அந்தக் கோண்டு பாணி காகிதம் ஏறிய கதையும் சுவையானது. மத்தியப் பிரதேசத்துப் பாட்டன்கட் கிராமத்தில் வீட்டுச் சுவரில் வரைந்துகொண்டிருந்த இளைஞர் ஜன்கட் சிங் ஷியாமை, 1980களின் தொடக்கத்தில் ஓவியர் ஜெ. சுவாமிநாதனின் குழு கண்டுபிடித்து போபால் பாரத் பவனுக்கு அழைத்துவந்தது. அவர் பெயராலேயே 'ஜன்கட் கலம்' என்று ஒரு பாணி நிலைத்துவிட்டது.

● கலம்காரி என்றால் ஆந்திரம் மட்டும்தானா? கோயில் தேருக்கும் குடைக்கும் தொம்பை எனும் உருளைத் தொங்கலுக்கும் துணியில் எழுதும் நம் கருப்பூர் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிக்கல்நாயக்கன்பேட்டையில் தலைமுறைகளாக எழுதும் குடும்பங்கள் உண்டு. தொம்பை பெரிது, சுவருக்கு ஏற்ற சிறு துண்டு கேட்டால் எழுதித்தருவார்கள்.

● ஓவியம்தான் வேண்டும் என்பதில்லை. மதுரை விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் கையால் கண் திறந்த கொலு பொம்மையும் அசல் சிற்பம்தான். நவராத்திரிக்கு முந்தின வாரம் போனால் விலை ஏறியிருக்கும். சித்திரை, வைகாசியில் போனால் பொம்மை காயும் முற்றத்தில் உட்கார்ந்து நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

விலையும் சட்டமும்

● பல ஓவியர்கள் விலையைச் சதுர அங்குலக் கணக்கில் போடுகிறார்கள். எனவே பெரிய படம் பிடித்து, பை இடம் தராவிட்டால், "விலையைக் குறைங்க" என்று கறிகாய் பேரம் பேசாதீர்கள். "இதே கைவண்ணத்தில் சின்னது இருக்கா?" என்று கேளுங்கள். இருவர் மானமும் மிஞ்சும்.

● அதைவிடச் சல்லிசானது ஓவியரின் ஸ்கெட்ச் நோட்டு. கேன்வாஸைவிடக் காகிதம் மலிவு, எண்ணெய் வண்ணத்தைவிடக் கோட்டோவியம் மலிவு. மறைத்துப் பூச வழியில்லாத கோட்டில்தான் கையின் தெம்பு அப்பட்டமாகத் தெரியும். தவணையில் வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கும் ஓவியர்களும் உண்டு. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

● படம் உங்களுடையது, பதிப்புரிமை உங்களுடையதல்ல. வாங்கிய ஓவியத்தை வீட்டில் மாட்டலாம், பரிசளிக்கலாம், விற்கலாம். ஆனால் அதைக் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கவோ டீ-ஷர்ட்டில் போடவோ ஓவியரின் அனுமதி வேண்டும். அந்த உரிமை அவர் ஆயுளுக்கும், அதற்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் உண்டு.

● இதில் ஒரு திருப்பம்: காசு கொடுத்து உங்கள் பாட்டியின் உருவப்படத்தை வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், 1957 பதிப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமையாளர் வரையச் சொன்ன நீங்கள்தான்.

● அதே சட்டத்தின் 53ஏ பிரிவு ஓவியருக்கு இன்னொரு பிடி தருகிறது. அசல் ஓவியம் பிற்பாடு பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், அந்த விலையில் ஒரு பங்கு கேட்கும் உரிமை அவருக்கும் வாரிசுக்கும் உண்டு. உச்சவரம்பு 10 சதவீதம்.

● பழைய சாமான் கடையில் பாட்டன் காலத்துத் தஞ்சாவூர்ப் படம் கண்ணில் பட்டால் துள்ளிக் குதிக்காதீர்கள். நூறு ஆண்டைத் தாண்டிய ஓவியமும் சிற்பமும் தொல்பொருள். பதிவு செய்ய வேண்டும், நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது. அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குப் பெட்டியில் வைத்து அனுப்பும் எண்ணம் இருந்தால், புதிதாக வரைந்ததையே வாங்குங்கள்.

● நூறு ஆண்டு ஆகாவிட்டாலும் நாடு தாண்ட முடியாத படைப்புகள் உண்டு. ரவிவர்மா, அம்ரிதா ஷெர்கில், ரவீந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ், ஜாமினி ராய் உட்பட ஒன்பது ஓவியர்களின் படைப்புகளை அரசு கலைப் பொக்கிஷமாக அறிவித்திருக்கிறது.

● கையால் வரைந்த ஓவியம், அசல் அச்சோவியம், அசல் சிற்பம் ஆகியவற்றுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பழைய கணக்கில் பில் போட்டால் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

மாட்டுவதும் காப்பதும்

● பிரேம் கண்ணாடி ஓவியத்தைத் தொடவே கூடாது. நம் புழுக்கத்தில் கண்ணாடியின் உட்புறம் நீர் கோத்தால் வண்ணம் அதில் ஒட்டிக்கொள்ளும். நடுவே மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். அட்டை அமிலமற்றதாக இருக்கட்டும். மலிவான அட்டை சில ஆண்டுகளில் படத்தின் ஓரத்தைப் பழுப்பாக்கும். செல்லோ டேப் போட்டு ஒட்டும் கடைக்காரரிடம் படத்தைக் கொடுக்காதீர்கள்.

● காகித ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் அனுமதிக்கும் வெளிச்சம் சுமார் 50 லக்ஸ். நேர் வெயிலோ லட்சம் லக்ஸைத் தொடும். கிழக்கு, மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் நீர்வண்ணப் படத்தை மாட்டுவது, வடாம் காயவைப்பதற்குச் சமம்.

● மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஈரம் இழுக்கும். பிரேமின் பின்பக்க மூலைகளில் சின்னச் சின்ன கார்க் துண்டுகளை ஒட்டிவிட்டால் காற்று ஓட இடம் கிடைக்கும், பூஞ்சை பிடிக்காது. இராமபாணப் பூச்சிக்குக் காகிதமும் பசையும் விருந்து; ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது படத்தைக் கழற்றிப் பின்பக்கமும் பாருங்கள். தஞ்சாவூர்ப் படத்தை ஈரத்துணியால் துடைக்கவே வேண்டாம்.

● எந்த உயரத்தில் மாட்டுவது? படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 57 அங்குலத்தில் வரவேண்டும் என்பது கலைக்கூடங்களில் புழங்கும் கணக்கு, நிற்பவரின் கண்மட்டம். நீங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வீடு என்றால் இன்னும் இறக்கலாம். பிள்ளைகள் அறையில் பிள்ளைகளின் கண்மட்டம்தான் கணக்கு.

● "ஆணி அடிக்கக் கூடாது" என்று ஹவுஸ் ஓனர் சொல்லிவிட்டாரா? அலமாரி மேலோ, புத்தகத் தட்டிலோ படத்தைச் சாய்த்து வைக்கலாம். மாதம் ஒருமுறை இடம் மாற்றலாம் என்பது இதில் கூடுதல் வசதி. தினமும் ஒரே இடத்தில் இருக்கும் படத்தைக் கண் பார்ப்பதை நிறுத்திவிடும். இடம் மாறினால் மறுபடி பார்க்கும்.

● கடைசியாக ஒன்று. வாங்கிய அன்றே ஒரு சீட்டில் ஓவியர் பெயர், படத்தின் தலைப்பு, எந்த வண்ணம், எந்த ஆண்டு, எங்கே வாங்கியது என்று எழுதி, ஓவியரிடம் கையெழுத்து வாங்கி, பிரேமின் பின்னால் ஒரு உறையில் செருகிவையுங்கள். ஏலக்கூடங்கள் ஓர் ஓவியத்தின் பூர்வீகத்தைத் தேடும்போது இத்தகைய சீட்டைத்தான் கேட்கின்றன. கொடுத்த விலையையும் மறக்காமல் எழுதுங்கள். ஐம்பது வருஷம் கழித்து ஒட்டடை அடிக்கும் பேத்தி, படித்துவிட்டுச் சிரிப்பாள்.